வடக்கே போகாத ஜீப்

டாக்டரம்மா,

போன வாரம் ரேஷன் கார்டைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது, அடியிலிருந்து உங்கள் மருந்துச் சீட்டு ஒன்று வந்து விழுந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் கிரீஸ் கறை. உங்கள் கையெழுத்தில் மேலே இப்படி இருந்தது: "பெயர்: ஜீப். வயது: பதினாறு. தொந்தரவு: மூச்சிரைப்பு, முழங்கால் வலி, தண்ணீர் தங்காமை." அதற்குக் கீழே மருந்துகள். ஃபேன் பெல்ட் இரண்டு, பிரேக் ரப்பர் ஒரு செட், ரேடியேட்டருக்கு ஈயப் பற்று, முன் ஸ்பிரிங்குக்குப் புது பிளேட். கடைசி வரி: "இரண்டு மாதம் வடக்கே காற்று மாற்றம்."

அன்றைக்கு இதைப் படித்துவிட்டு நாம் இருவரும் எப்படிச் சிரித்தோம் என்பது நினைவிருக்கிறது. இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சிரிக்க முடியவில்லை.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீங்கள் இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

விருதுநகரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் உங்கள் ஆஸ்பத்திரி. ஆறு கட்டில்தான். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் அது போதாமல் வராந்தாவில் வாழையிலை விரித்து ஆட்களைப் படுக்க வைப்போம். சிவகாசிப் பக்கம் வெடிமருந்தில் வெந்தவர்கள் மாட்டுவண்டியில் வந்து சேருவதற்குள் தளர்ந்துபோகிறார்கள் என்றுதான் பட்டாளத்தில் கழித்த அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தீர்கள். பஸ் கம்பெனி பட்டறையில் இருந்த என்னை, அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் வேலைக்கு வைத்தீர்கள். மூன்று வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்த நாட்கள் குறைவு.

அது அமெரிக்கப் பட்டாளத்து வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். மற்ற வண்டிகளில் டிரைவர் உட்காருகிற வலது பக்கத்தில் நான் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து வழி கேட்டுக் கை காட்டுவார்கள். பிறகுதான் ஓட்டுவது நீங்கள் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உங்களுக்கு அது வேடிக்கை. எனக்கும் வேடிக்கைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கே போகும் பேச்சை நீங்கள் எடுத்தது ஒரு தை மாதத்தில். எம். புதுப்பட்டியில் ஒரு பெண்ணுக்குக் கட்டுப் பிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மாரிமுத்து, நீ பனியைப் பாத்திருக்கியா?"

"மார்கழியில பாத்திருக்கேம்மா. கருவேலங்காட்டுல புகை மாதிரி கெடக்கும்."

"அதில்லப்பா. கையில அள்ளுற பனி." கியரை மாற்றினீர்கள். "பதினெட்டு வருஷமா வெந்த உடம்பையே தொட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது பனியில கையை வச்சுப் பாக்கணும்."

"ரயில்ல போயிரலாமேம்மா."

"ரயிலு நான் சொன்ன எடத்துல நிக்குமா?"

மதுரை, பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், காசி. அங்கிருந்து ரிஷிகேஷ். அதைத் தாண்டி வண்டி எதுவரை ஏறுமோ அதுவரை, மீதி நடை. சித்திரைக் கடைசியில் புறப்படுவது, ஆனி கடைசியில் திரும்புவது. அந்த இரண்டு மாதத்துக்கு மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நீங்கள், நான், சமையலுக்கு ஆஸ்பத்திரி ஆயா. சீட்டுக் கிழித்து மருந்து எழுதியது அப்போதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இன்ஜின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டினேன். ரேடியேட்டரைச் சிவகாசிக்குக் கொண்டுபோய்ப் பற்று வைத்தேன். கான்வாஸ் கூரையின் கிழிசல்களை நீங்களே உட்கார்ந்து தைத்தீர்கள். மனிதத் தோலைத் தைக்கிற முடிச்சு அது, இழுத்துப் பார்த்தாலும் அசையவில்லை. இரண்டு பெட்ரோல் டின்களுக்குப் பின்பக்கம் இரும்புச் சட்டம் அடித்தேன். முன் பம்பரில் தண்ணீர்ப் பை தொங்கவிட ஒரு கொக்கி. சாயங்காலம் நோயாளிகள் ஓய்ந்ததும் வந்து குந்தி உட்கார்ந்து, "இது எதுக்கு, இது நின்னுபோனா என்ன ஆகும்?" என்று ஒவ்வொரு சாமானையும் கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல, நீங்களே கழற்றி நீங்களே மாட்டுவீர்கள். பாதி வழியில் எனக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி நிற்கக் கூடாது என்பது உங்கள் கணக்கு.

என் வீட்டிலும் தடை ஒன்றும் இல்லை. மகளுக்கு இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்தபோது மூன்று நாள் அவள் கட்டிலைவிட்டு நகராமல் இருந்தவர் நீங்கள். என் மனைவி அதை மறக்கவில்லை. "பிள்ளையப் பொழைக்க வச்சவுக. கூடப் போய்ட்டு வாங்க. ரெண்டு மாசம் நான் இருந்துக்கிட மாட்டேனா?" என்றாள். பின்னால் போகாமலிருக்கச் சாக்குத் தேடியபோது, எனக்கு ஒளிந்துகொள்ள அங்கேயும் இடமில்லை.

மாசியில் ஒரு நாள் புதுப்பட்டி ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் வண்டி நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நான் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டாசுக் கம்பெனி ஆட்கள் இருபது பேர் போல டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டி வாங்கி, குச்சிகளைக் கொட்டிவிட்டு, உரசுகிற பட்டையைக் கிழித்து எடுத்து, டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே தீப்பொறி கொடுக்கிற பாயிண்டை நாலு தேய் தேய்த்தீர்கள். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினீர்கள். இன்ஜின் ஓட ஆரம்பித்தது. அந்த வித்தை நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அது தெரியாது.

கூட்டத்தில் என் மனைவியின் அண்ணனும் இருந்தான். "ஏலே மாப்ளே," என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஓட்டுறதும் அவுக, ரிப்பேரு பாக்குறதும் அவுக. நீ பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி சும்மா உக்காந்து போறே. காசி வரைக்கும் இப்படியேதானாலே?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், கெட்ட எண்ணம் இல்லாமல். நான் சாமான்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டேன். ஒரு ஸ்பேனர் கைதவறி மண்ணில் விழுந்தது.

நான் பின்வாங்கியதற்கு அம்புட்டுதான் காரணம். வேறு ஏதாவது பெரிய காரணம் இருந்தது என்று எழுத ஆசைப்பட்டேன். இத்தனை வருஷம் தேடியும் அகப்படவில்லை. அந்தச் சிரிப்பு ராத்திரி பகல் என்று பாராமல் காதில் கேட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடை, ஒவ்வொரு டீக்கடையிலும் அந்த இருபது பேர் என்று மனசு கணக்குப் போட்டது. உங்களிடம் நேரே வந்து சொல்லவும் வாய் வரவில்லை.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். உங்கள் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மாரிமுத்து, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

ஒன்றும் பாக்கி இல்லை. வண்டி அன்றைக்கே கிளம்பலாம். என் கண்ணுக்கு நேர் மேலே, அடிச்சட்டத்தில், பட்டாளத்தில் எப்போதோ கல் உரசிய கோடு ஒன்று இருந்தது. பெயின்ட் மேலே ஒரு கீறல், அவ்வளவே.

"சட்டத்துல விரிசல் இருக்கும்மா," என்றேன்.

நீங்கள் தயங்கவே இல்லை. ஒரு சாக்கை விரித்து, வெள்ளைச் சேலையோடு என் பக்கத்தில் வந்து படுத்துப் பார்த்தீர்கள். விரலால் அந்தக் கோட்டைத் தடவினீர்கள்.

"எனக்கு ஒரு கோடுதான் தெரியுது."

"கோடாத்தான் தெரியும்மா. பாரம் ஏத்தி மலை ஏறினா ரெண்டா விட்டுரும்."

"வெல்டிங் வச்சா?"

"வச்சாலும் நம்ப முடியாதும்மா."

கொஞ்ச நேரம் நாம் இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தோம். உங்கள் மூச்சு கேட்டது. பிறகு, "நீ சொன்னாச் சரிதான்," என்று சொல்லி வெளியே போனீர்கள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காத்திருந்த நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டீர்கள். நான் மத்தியானம் வரை வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

மதுரையிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஆயா உங்களிடம் சொன்னாளாம். "ஏங்கிட்ட வந்த நோயாளி என்னைய நம்பாம இன்னொரு டாக்டர்ட்ட போனா எனக்கு எப்படி இருக்கும்? அவனுக்கும் அப்படித்தானே இருக்கும்," என்றீர்களாம். ஆயா அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொன்னாள்.

ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டருக்கு ஜீப்பை விற்றீர்கள். விற்கும்போது அவரிடம், "அடிச்சட்டத்துல விரிசல் இருக்கு. தெரிஞ்சு வாங்கிக்கிடுங்க," என்று நீங்களே சொன்னீர்கள். அவர் கூட்டி வந்த மெக்கானிக் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தான். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் என் காதருகே வந்து, "விரிசல் எங்கண்ணே இருக்கு?" என்றான்.

"உத்துப் பாத்தாத்தான் தெரியும்," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். நீங்கள் தைத்த கூரையோடு, நான் அடித்த டின் சட்டத்தோடு, அது தெரு திரும்பிப் போனது. நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு ஒரு பழைய கார் வாங்கினீர்கள். வடக்கே போகும் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை. "இனி நீயே ஓட்டு மாரிமுத்து, எனக்கு அலுத்துப்போச்சு," என்று சொல்லிப் பின் சீட்டில் உட்கார்ந்தீர்கள். எனக்கு வலது பக்கம் ஸ்டியரிங் கிடைத்தது. டீக்கடைகளில் சலாம் கிடைத்தது. மச்சான்கூட, "வாங்க மாப்ளே," என்று மரியாதையாகப் பேசினான். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. கண்ணாடியில் பார்த்தால் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவீர்கள்.

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். ஆலங்குளம் பக்கம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். எதிரே ஜீப் வந்தது. பின்னால் கல் நிறைந்த ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நமக்கு வழிவிட ரோட்டைவிட்டுக் கரிசல் காட்டுக்குள் இறங்கி, உழுத சால்களில் குதித்துக் குதித்து ஏறித் திரும்ப ரோட்டுக்கு வந்து போனது. நான் காரை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

"அது நம்ம வண்டிதானே?" என்றீர்கள்.

"ஆமாம்மா."

கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நல்லா ஓடுதே," என்றீர்கள்.

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நீங்களே கூட வந்தீர்கள். எப்போதும் போலப் பேசினீர்கள். ஒரு குற்றச்சாட்டு இருந்திருந்தால் அதன் மேல் சாய்ந்துகொண்டு நானும் எதையாவது சொல்லியிருப்பேன். நீங்கள் அந்த வசதியைத் தரவில்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது மதுரை ஆஸ்பத்திரியில். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். முகம் வீங்கிப்போயிருந்தது. சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறி வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, அந்த ஜீப்பு..." என்று ஆரம்பித்தேன்.

நீங்கள் கையை லேசாகத் தூக்கினீர்கள். "அதை விடு மாரிமுத்து. பிள்ளைக்குப் பரீட்சை எப்ப?"

பரீட்சை பற்றிப் பேசினோம். அவள் கணக்கில் மோசம் என்றேன். சிரித்தீர்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் நெஞ்சு லேசாகிவிட்டிருந்தது. ஒரு பாரம் இறங்கிய மாதிரி ஒரு டீ வாங்கிக் குடித்தேன். எட்டு நாள் கழித்து நீங்கள் இல்லை என்று செய்தி வந்தது. பொய் சொன்னதைவிட, அந்த டீயை ருசித்துக் குடித்ததை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

மகள் இப்போது டீச்சர். அவளும் மருமகனும் என்னைக் காசிக்குக் கூட்டிப்போக இரண்டு தடவை டிக்கெட் எடுத்தார்கள். இரண்டு தடவையும் உடம்பு சரியில்லை என்றேன். அதுவும் பொய். இரண்டாவது தடவை அவள் கோபப்பட்டு அழுதபோது எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முகம் அவளுக்கு நினைவிருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, "நான் வரலைம்மான்னு அவுககிட்ட சொல்லியிருந்தா என்னப்பா செஞ்சிருப்பாக?" என்று கேட்டாள்.

என்ன செய்திருப்பீர்கள்? ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். "சரிப்பா, வேற ஆளு பாத்துச் சொல்லு," என்று சொல்லியிருப்பீர்கள். சித்திரையில் புறப்பட்டிருப்பீர்கள். ஆனிக்குள் பனியில் கை வைத்திருப்பீர்கள்.

நான் வரலைம்மா. இரண்டே வார்த்தை. இன்னும் என் வாயிலேயே கிடக்கின்றன.