இருபது வெற்றுத் தாள்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் இரத்த அழுத்த மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா என்று நம் சின்னவளை எழுதச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் வாக்கை நம்பமாட்டேன். இந்தக் கடிதம் தபாலில் வராது. வேன் ஓட்டுநரின் மைத்துனர் நம் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதறாமல் கடைசிவரை படியுங்கள்.

முதல் மூன்று வாரம் நன்றாகவே போனது. முப்பத்தொரு வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தவள் நான். குழாயடியில் நின்று நானே பாட்டிலில் பிடிப்பது பிடித்திருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. சன்னலுக்கு எதிரே, ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத்தரும் இந்தத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். மேலாளர் நம் மொழிக்காரர். கோபம் வந்தாலும் சிரிப்பார், அதனால் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஓட்டுநரும் நம் மொழி பேசுவார். கிளம்பும்போது நீங்கள், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்கப் போற" என்றீர்கள். அன்று உங்கள்மேல் கோபம் வந்தது.

இங்கே சமையல்காரம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பரிமாறுவார். சூடு தாங்காதவர் என்று நினைத்திருந்தேன். போன திங்கட்கிழமை தட்டை நீட்டும்போது துணி நழுவியது. உள்ளங்கை முழுக்கக் கடுகை ஒட்டி வைத்ததுபோல் கெட்டி முடிச்சுகள். கழுத்தில், புழுதியில் தூறல் விழுந்த மாதிரி புள்ளிகள். புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த படம் அது. ஓட்டுநரை வைத்துக்கொண்டு கேட்டேன். "அவங்க தெருவுல முக்காவாசிப் பேருக்கு இப்படித்தாம்மா. ஏதோ சாபம்னு சொல்றாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்துத் தாமாகவே, "அங்க அடிகுழாய் போட்டுப் பத்து வருஷமாச்சு. நம்ம ஆபீஸ்தான் போட்டுது" என்றார்.

மறுநாள் காலை அந்தக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். பிறகு, வரும் வெள்ளிக்கிழமை திறக்கப்போகும் புதுக் குழாயையும் மூன்று தடவை சோதித்தேன். இரண்டிலும், ஒவ்வொரு தடவையும் சோதனைக் காகிதம் மஞ்சளாகி, பழுப்பில் போய் நின்றது. ஆர்சனிக். அந்தக் கையை அப்படி ஆக்கிய நஞ்சு. ருசி கிடையாது, வாடை கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிவான தண்ணீர். நானூறு குடும்பம் குடிக்கப்போகிறது.

பல்லழகரிடம் காகிதங்களைக் காட்டினேன். "வெயில்ல மருந்து கெட்டுப் போயிருக்கும் மேடம். நன்கொடை கொடுத்தவங்க எல்லாம் வெள்ளிக்கிழமை வர்றாங்க, இப்பப் போய்..." என்று இழுத்தார். குடிக்க ஏற்ற தண்ணீர் என்ற சான்றிதழில் நான் ஒப்பமிட மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "நீங்கதான் முதல் நாளே போட்டுக் குடுத்துட்டீங்களே."

ஆமாம், போட்டுக் கொடுத்தேன். மின்சாரம் அடிக்கடி போகும், அச்சு இயந்திரம் நின்றுவிடும், பிறகு சோதனை எண்களை நிரப்பிக்கொள்ளலாம் என்றார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் எண் இல்லாத தாளில் பேனா வைக்காதவள், பயணக் களைப்பில், தேநீர் ஆறுவதற்குள் இருபது வெற்றுத் தாள்களில் ஒப்பமிட்டுக் கொடுத்தேன். சேவைக்கென்று வந்த இடத்தில் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

காகிதங்களைக் காட்டிய அன்று மாலையே என் சோதனைப் பெட்டி அலமாரியில் இல்லை. தொலைபேசி பழுது என்கிறார்கள். நான் கேட்காமலேயே மூன்று மாத விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, அதற்கென்று பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். சமையல்காரம்மா புதன்கிழமையிலிருந்து வரவில்லை. எங்கே என்று கேட்டால் ஓட்டுநர் சாலையைப் பார்க்கிறார்.

பழைய குழாயின் சான்றிதழை அலுவலகச் சுவரில் சட்டம்போட்டு மாட்டியிருக்கிறார்கள். இன்றுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒப்பம் ஒரு மை, எண்கள் வேறு மை. ஒப்பமிட்டவர் என்னைப்போல் சேவைக்கு வந்த வேதியியல் ஆசிரியராம். எப்போது ஊர் திரும்பினார் என்று விசாரித்தேன். "அவரா? அவருக்கு இந்த ஊரு ரொம்பப் புடிச்சிப் போச்சு, இங்கயே தங்கிட்டாரு" என்றார் பல்லழகர். எந்த வீட்டில் என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் குழாயடியில் நிற்பேன். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்பதை இவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று ஓட்டுநரிடம் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டு, "எங்கிட்ட கத்துக்கிட்டதா மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றார். போகாதே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்த உள்ளங்கையைப் பார்த்த பிறகு என்னால் அறையில் உட்கார்ந்திருக்க முடியாது.

பழுப்பேறிய காகிதங்களையும் என் குறிப்பேட்டின் நான்கு பக்கங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் பழைய தலைமை வேதியியலாளரிடம் நீங்களே நேரில் கொடுங்கள்.

புதுக் குழாய்க்கு ஒரு தாள் போனால் மீதிப் பத்தொன்பது அவர்களிடம் இருக்கும். நான் சுகமாக இருக்கிறேன், இங்கேயே இன்னும் சில காலம் தங்க ஆசைப்படுகிறேன், தேட வேண்டாம் என்று தட்டச்சில் ஒரு கடிதம் வரலாம். அடியில் இருப்பது என் ஒப்பமேதான். வங்கிக்காரரைக் கேட்டாலும் சரி என்பார். அதை நம்பாதீர்கள். சின்னவளையும் நம்பவிடாதீர்கள். எவ்வளவு அன்பாக எழுதியிருந்தாலும், அன்றைக்கே கிளம்பி என்னைத் தேடி வாருங்கள்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி