சர்வீஸ் பிரேக் ஆகாமல் ஆடிய மேட்ச்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. டில்லி ஆர்.கே.புரத்தில் அக்காவின் குவார்ட்டர்ஸில் உங்கள் கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூலர் வைத்திருக்கிறார்கள். ஹால் நன்றாகக் குளிர்கிறது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை. மறைப்பதெல்லாம் நம் வீட்டில் மற்றவர்கள் வேலை.

நான் பேஸ்பால் ஆடுவதை ஒரே ஒரு தடவைதான் நேரில் வந்து பார்த்தீர்கள். நான் அவுட்ஃபீல்டர். அவுட்ஃபீல்டர் என்றால் மைதானத்தின் கடைசியில், அடித்த பந்து அங்கே பறந்து வரும்வரை காத்து நிற்பவன். மேட்ச் முடிந்ததும், "ஏலே, சும்மா நிக்கதுக்கா ஒனக்குச் சம்பளம் தாரான்?" என்று கேட்டீர்கள்.

ஆனால் வளைகுடாவில் ஒரு லீக் என்னை ஒரு சீசனுக்கு எடுத்ததும், மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "பையனுக்கு ஃபாரின் போஸ்டிங்" என்றீர்களாம். போஸ்டிங் இல்லை, கான்ட்ராக்ட் என்று எத்தனை முறை திருத்தினேன்! ஆயுள் முழுக்க ஃபைல் தள்ளிய உங்களுக்கு உலகத்தில் எல்லா வேலையும் சர்க்கார் வேலைதான். நடுவில் விட்டால் சர்வீஸ் பிரேக். சர்வீஸ் பிரேக் ஆனால் பென்ஷன் போச்சு.

இல்லாத அந்தப் பென்ஷனைக் காப்பாற்றத்தான் நீங்கள் செத்ததை அக்காவும் அத்தானும் எனக்குச் சொல்லவில்லை, அப்பா.

அன்று காலை போன் பண்ணினேன். "அப்பா தூங்குதாங்க தம்பி. மேட்ச முடிச்சிட்டுப் பேசு, அச்சா?" என்றாள் அக்கா. அப்போது நீங்கள் ஹாலில் ஐஸ் பெட்டியில் இருந்தீர்கள். பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன. யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "தமிழ் அசோசியேஷன்காரங்க" என்றாள். அதில் பொய்யே இல்லை.

மத்தியானம் அத்தான் உங்களுக்குக் கொள்ளி வைத்தார். சாயங்காலம் நான் இடது ஓரத்தில், முழங்காலில் கை ஊன்றி, ஒவ்வொரு பந்துக்கும் தயாராக நின்றேன். ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி சும்மாதான் நின்றேன்.

அதற்கப்புறம் எப்போது போன் பண்ணினாலும் நீங்கள் தூங்கினீர்கள், இல்லையென்றால் குளித்தீர்கள். சீசன் முடிந்து ஏர்போர்ட்டில் வெளியே வந்தால், அத்தான் இன்னும் சரியாக முடி முளைக்காத மொட்டைத் தலையோடு நின்றார். யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் என்றுகூடப் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அப்பாவே சொன்னாங்கல்லா தம்பி! எனக்கு என்ன ஆனாலும் அவனக் கூப்பிடாதிய, சர்வீஸ் பிரேக் ஆயிரும்னாங்க" என்று அழுதாள் கூட வந்திருந்த அக்கா.

நிஜமாகவே சொன்னீர்களா? இல்லை, அவள் தன் பயத்தை உங்கள் வாயில் வைத்தாளா? சொல்லியிருந்தால் உங்களை மன்னிக்க மாட்டேன். சொல்லவில்லையென்றால் அவளை. இதைத் தீர்த்து வைக்க அம்மாவும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம் அதே டீம் மறுபடி கூப்பிட்டது. வீட்டில் சாவு என்றால் விடுவீர்களா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. போன சீசனிலும் அதுதானே வழக்கம், டிக்கெட் நாங்களே போட்டு அன்றைக்கே அனுப்பியிருப்போமே, சம்பளம்கூடப் பிடிக்க மாட்டோமே என்றார். பந்தே வராத அந்த ஓரத்தில் எனக்குப் பதில் வேறொருவன் சும்மா நின்றிருப்பான். அவ்வளவுதான், அப்பா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். எனக்கு வருத்தமாக இல்லை.

உங்கள் முதல் திதி இந்த சீசனின் நடுவில் வருகிறது. எந்த மேட்ச் இருந்தாலும், பந்து என் தலைக்கு நேரே பறந்து வந்துகொண்டிருந்தாலும், விட்டுவிட்டு வருவேன். பிண்டம் வைக்க அத்தான் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டு நான் உட்காருவேன். சர்வீஸ் பிரேக் ஆனால் ஆகட்டும்.

உங்களுக்குக் கொள்ளி வைக்காத
ஒரே மகன்,
சேகர்