உடம்பைக் குளிர வைக்கும் குழாய்

என் அன்பானவருக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? வாய்க்கசப்பு போனதா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. இதயம் நின்று மீண்ட ஒருவர் எங்கள் வார்டில் இருக்கிறார். மூளை கெடாமல் இருக்க, தொடை ரத்தநாளத்தில் மெல்லிய குழாய் விட்டு, அதற்குள்ளேயே குளிர்நீரைச் சுற்றவிட்டு, உடம்பை முப்பத்து மூன்று டிகிரியில் நிறுத்தியிருந்தோம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜில்லுனு இருக்காரேம்மா. கையையாவது பிடிச்சுக்கறேனே?"

"மெஷின் பாத்துக்கும். நீங்க வெளிய போங்க" என்றேன். அழுதுகொண்டே போனார்.

தலைமை நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா கை பட்டா மெஷினுக்கு என்ன ஆயிடும்?"

நானே போய்க் கூட்டிவந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றியபின், நேற்று அவர் கண் திறந்து மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் உண்டு. அன்று காலை பாப்பா போனில், "மாடி வீட்டு டெய்லர் ஆன்ட்டிதான் அப்பா நெத்தியில ஈரத்துணி போட்டாங்க, நாள் பூரா கூடவே இருந்தாங்க" என்றாள். யாரோ ஒருவரின் சூட்டை அரை டிகிரி பிசகாமல் நான் காக்கிறேன். உங்கள் நெற்றியை வேறொருத்தி தொட்டுப் பார்க்கிறாள். டெய்லரம்மா நல்லவர்தான். அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

அலமாரி மேல்தட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறது. இனிக் காய்ச்சல் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். டெய்லரம்மாவுக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். வாசலில் நின்றே சொன்னால் போதும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மனைவி