முகட்டுக்கு அங்கிட்டு உள்ள பாதி

குன்றாண்டார்கோவில்
6-8-1957

சிரஞ்சீவி தேனப்பனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே கூரையைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். பினாங்கில் நீயும் மருமகள் சாலாவும் சுகமாக இருப்பது பற்றிப் பதில் எழுதவும்.

நீ செய்தது தப்பு. இதை முதலில் எழுதாவிட்டால் மற்றது எழுத எனக்குக் கை ஓடாது. என் வீட்டுக் கூரையை மாற்ற, என்னைக் கேட்காமல், விராலிமலை மாப்பிள்ளைக்குக் காகிதம் போட்டு மூன்று பேரிடம் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் எழுத்தும் கணக்கும் நானாகவே கற்று, இந்த ஊருக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தவன். மூன்று தொகையில் எது சின்னது என்று எனக்குத் தெரியாதா? போன மழையில் உன் ஆத்தாளுக்கு மூச்சிழுப்பு வந்து, ஒழுகாத ஒரு மூலையில் உட்கார்ந்தே பத்து நாள் தூங்கினாள். ஐப்பசிக்குள் கூரை மாறாவிட்டால் இந்த வருடம் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொன்னதை நீ எனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்து கேட்டவன் நான்.

சரி, வந்தவர்களைப் பற்றிக் கேள். முதலில் புதுக்கோட்டை மரியசெல்வம் மேஸ்திரி வந்தார். குடையை விரித்துக்கொண்டு தெருவிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார், காப்பி குடித்தார், போனார். நாலாம் நாள் இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் வந்தது. மங்களூர் ஓடு போட ஆயிரத்து நூற்று இருபத்தேழு ரூபாய் முப்பத்தொரு நயா பைசா. ஏணியில் கால் வைக்காத மனிதருக்கு அந்த முப்பத்தொரு காசு எந்த ஓட்டுக்கு என்று எப்படித் தெரிந்தது? அடுத்தவர் காண்டிராக்டர் வீரய்யா. சிமெண்டுத் தகடு போட்டால் நானூற்றுப் பத்தோடு முடியும் என்றார். "ஒங்க பேரன் காலம் வரைக்கும் அசையாதுங்க" என்றும் சொன்னார். அவர் தகடு போட்ட பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். கூரை அசையவில்லைதான், பிள்ளைகள் எல்லாம் சூடு தாங்காமல் புளியமரத்தடியில் இருந்தார்கள். மூன்றாவது நம்மூர்க் கருப்பையா ஆசாரி. அவர் ஒருவர்தான் மேலே ஏறினார். நல்ல நாட்டு ஓட்டை வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் மாற்ற அறுநூற்று நாற்பது என்று வாயால் சொன்னார். இறங்கி வந்து, "முகட்டு மரமே செல்லரிச்சுக் கெடக்குங்க. அதை மாத்தாம கீழே எதைப் போட்டாலும் ஒழுகும். மாத்தணும்னா அங்கிட்டும் ரெண்டு வரிசை ஓடு பிரிக்கணும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார்.

அங்கிட்டு என்றால் உன் சித்தப்பன் அடைக்கலம். பதினொரு வருடம் முன்பு வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தபோது பத்திரத்தை நான்தான் எழுதினேன். கிணறு, மாட்டுக் கொட்டகை, முருங்கை மரத்தில் எந்தக் கிளை யாருக்கு என்பது வரை எழுதினேன். நடுச்சுவருக்கு மேலே இரண்டு பாதிக்கும் பொதுவாகக் கிடக்கும் முகட்டு மரத்தை மட்டும் எழுதவில்லை. மறந்தேன் என்று அவன் ஊரெல்லாம் சொன்னான், அன்று நின்றது எங்கள் இருவருக்கும் பேச்சு. நான் மறக்கவில்லை. சண்டை போட அவ்வளவு உயரம் யார் ஏறப்போகிறார்கள் என்று விட்டேன். இப்போது கருப்பையா சொன்னது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் பால் கறக்கும்போது அவன் தன் பசுமாட்டைப் பார்த்து, "கேட்டாத்தானே ஆத்தா குடுக்கிறதுக்கு! வாயத் தெறந்து கேட்டா முத்தா உதிர்ந்துரும்?" என்கிறான். உன் ஆத்தாள் அதைக் கேட்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். மாட்டிடம் சொன்னதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

உனக்கும் மருமகளுக்கும் விராலிமலை முருகன் துணை. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல். இனி ஆகவேண்டியது. மாப்பிள்ளை மற்ற இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கருப்பையா ஆவணி பிறந்ததும் மரம் வாங்க வேண்டும். உன் ஆத்தாள் மாட்டுப் பேச்சை எனக்கு வந்து சொல்வதை நிறுத்த வேண்டும். தப்பைத் தொடங்கியவன் நீ, ஆகையால் முகட்டைப் பிரிக்கச் சம்மதம் கேட்டு உன் சித்தப்பனுக்கு ஏர்மெயிலில் நீ எழுத வேண்டும். அவன் எந்தக் காகிதத்தையும் உரக்கத்தான் படிப்பான், சுவருக்கு இங்கிட்டு நான் கேட்டுக்கொள்கிறேன். கருப்பையாவுக்கு ஏணியை அவன் பக்கம்தான் சாத்த வேண்டுமாம், அடியைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டுமாம். ஆள் கிடைக்காவிட்டால் அப்பா வந்து பிடித்துக்கொள்வார் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி நீயாகவே எழுதுவது போல எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சொக்கநாதன்