சனிக்கிழமை வரப்போகிறவர்கள்

அன்பு அக்கா,

நேற்று உன் பழைய கோச் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். யாரென்று சொல்லவில்லை. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்க பெரிய பொண்ணு சனிக்கிழமை நம்ம நாட்டுப் பொண்ணுக்கு எதிரா ஓடுதாமே?" என்றார் ஒருவர்.

"அங்கே குடியுரிமை வாங்கிட்டாளேங்க, ஓடித்தானே ஆகணும்," என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

"ஜெயிச்சா அந்த நாட்டுக் கொடியப் போத்திக்கிட்டு மைதானத்தச் சுத்தும். நாங்களும் உங்களோட உக்காந்து பாக்குறோம். டிவி எந்த ரூம்ல?"

அம்மா பழக்கதோஷத்தில், "வாங்க, சாப்பிட்டுட்டே போகலாம்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

புறப்படும்போது கோச் என் தலையைத் தடவி, "அக்காவுக்கு லெட்டர் போடும்மா, எல்லாத்தையும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். கொடியை மட்டும் தொடவேண்டாம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அதையும் எழுதிவிட்டேன். அப்பா வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வந்திருக்கிறார்.

இனி எழுதுவது யாரும் சொல்லாதது. கடைசி நூறு மீட்டரில் நீ வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தால், அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் எங்களுக்காகச் செய்துவிடாதே, அக்கா.

உன் தங்கை