பின்னறைத் திறப்பு

இஞ்சேருங்கோ, மாதாவின்ரை புண்ணியத்திலை நான் பலெர்மோவிலை நல்ல சுகம். உங்கடை இருமல் என்ன மாதிரி?

தவக்காலத்திலை பாட்டென்ன கூத்தென்னவெண்டு, மருமோன் ஜெனிஸ்ரன் ராப் பதியிற எங்கடை பின்னறையைப் பூட்டிப்போட்டியளாம். போன ஞாயிறு தமிழ்ப் பூசைக்குள்ளை அவன்ரை பாட்டுத்தான் என்ரை ஃபோனிலை அடிச்சுது! பூசை முடிய சாமியார், "ஆரம்மா உந்தப் பெடியன்?" எண்டார். "என்ரை அண்ணையின்ரை மோன், சாமி. குருநகர்!" எண்டு நிமிந்து சொன்னன்.

பாட்டு அல்பத்தை உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகுதான் விடுவனெண்டு எனக்குச் சத்தியம் பண்ணினவன். இப்ப பதிஞ்சால்தானே அப்ப விடலாம்? திறப்பைக் குடுங்கோ.

பெரிய வியாழனோடை கோயில் மணி உயிர்ப்பு மட்டும் நிண்டுபோம். அதுக்கு முந்தி எங்கடை மணிச் சத்தத்தை ஒரு பாட்டிலை பிடிக்கச் சொல்லுங்கோ. இடையிலை உங்கடை இருமல் விழுந்தால் அழிக்க வேண்டாம்.

நான் சம்பளத்துக்குப் பாக்கிற கிழவி கூப்பிடுறா, ஓடுறன்.

மத்தலேனா