கடைசி வரிசைக்காரர் இடுப்பில் என்ன?

மார்ச் 3, ஞாயிறு

இனி சர்ச்சில் வலது பக்கக் கதவு என் பொறுப்பு. டாயில் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சர்ச்சுக்குள் யாரும் புகுந்து சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிற எங்கள் காவல் குழுவுக்குத் தலைவர். குழுவில் மற்றவர்கள் எல்லாம் ஆண்கள், நான் ஒருத்திதான் பெண். என் கதவுக்கு வெளியே நடைவழி, அதன் கோடியில் குழந்தைகள் அறை. பள்ளி பஸ் ஓட்டுகிறவளுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்றார். தெரியும்தான். துப்பாக்கி பிடிக்க?

என் வீட்டுக்காரர் ராய்ஸ் சிரிக்கிறார். "நெல்டா, நீ ஜெபம் பண்ணப் போறியா, சண்டைக்குப் போறியா?"

மார்ச் 5, செவ்வாய்

சுடுதளத்தில் மூன்று கைத்துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன்.

கிளாக் 19 கையில் நிறைவாக உட்காருகிறது. சுட்டதெல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கவுனுக்குள் வைத்தால் இடுப்பில் செங்கல்லைக் கட்டியது மாதிரி துருத்துகிறது. ருகரின் குட்டித் துப்பாக்கியைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. சுட்டாலோ உள்ளங்கை எரிகிறது, குண்டு போன இடம் ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். மூன்றாவது, ஸ்மித் கம்பெனியின் 'ஷீல்டு ஈஸி' — குண்டேற்ற மேல்பகுதியை இழுக்க என் மூட்டுவலி விரல்களே போதும். குறியும் பரவாயில்லை. கொஞ்சம் நீளம், உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது. குத்தட்டும். அதையே வாங்கிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனைக்கு முன்னால் டாயில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவனைக் கண்டுபிடிப்பது எப்படி? "சட்டை தொளதொளன்னு இருக்கும். ஒரு முழங்கையை உடம்போட ஒட்டியே வெச்சிருப்பான். யாராவது கட்டிப்பிடிக்க வந்தா நழுவுவான். அப்பப்போ தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவான்."

அப்படியே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார்! கடைசி வரிசை, என் கதவுக்குப் பக்கத்து இருக்கை. புதிதாகக் குடிவந்தவர், பெயர் ஆல்டன். ஒல்லி, ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருக்க, இவர் மட்டும் வெளியே விட்டிருந்தார். வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் பக்கத்துப் பெண்மணி கட்டிக்கொள்ளப் போனபோது இவர் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

வைத்திருப்பதில் தப்பில்லை. இது டெக்சஸ், இங்கே பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை பேரும் டாயிலிடம் சொல்லிவிட்டார்கள். இவர் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 12, செவ்வாய்

இத்தனை இருக்கை காலியாகக் கிடக்க, கதவோரமே எதற்கு?

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் அதே இடம், அதே தொளதொளச் சட்டை. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனார். பின்னாலேயே போனேன். நடைவழியில் இருக்கிற கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே ஏதோ பிளாஸ்டிக் சரசரப்பு. என்ன பிரிக்கிறார்?

ஆராதனை முடிந்து விருந்துக்கும் நிற்கவில்லை. பிரிஸ்கெட் கறி வாசனை மூக்கைத் துளைக்கும்போது காருக்கு ஓடுகிற ஆளை எப்படி நம்புவது?

டாயிலிடம் சொன்னேன். "ஒரு கண்ணு வெச்சுக்கங்க சிஸ்டர். நாம தப்பா நெனச்சிருந்தா ஒரு மன்னிப்போட போயிடும்" என்றார்.

மார்ச் 20, புதன்

கண்ணாடி முன்னால் நின்று துப்பாக்கியை உருவிப் பழகினேன். கவுன் மடிப்பு விரலில் சிக்குகிறது.

"அந்தாளு உன்னை என்ன பண்ணினான்?" என்றார் ராய்ஸ்.

"பண்ணினப்புறம் யோசிக்கச் சொல்றீங்களா?"

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. நான் சும்மா நின்று அவர் கெட்டவராக இருந்தால் — பிள்ளைகள். நான் சுட்டு அவர் நல்லவராக இருந்தால் — கொலைகாரி. எதுவானாலும் என் தலையில்தான். நான் ஏன் சரியென்றேன்?

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நடைவழியில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், குருத்தோலையோடு பவனிக்கு நின்றிருந்தார்கள். அவர் சடாரென்று எழுந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. வலது கை சட்டைக்குள். என்னை இடித்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் விரைந்தார்.

உருவிவிட்டேன். "நில்லுங்க! கையை வெளிய எடுங்க!"

திரும்பினார். "எடுக்க முடியாது சிஸ்டர்."

"எடுங்கன்னா எடுங்க!"

"எடுத்தா கொட்டிடும்மா."

இடது கையால் தானே சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் ஒட்டிய ஒரு பை. ஓரம் பிய்ந்து, அவர் விரலிடுக்கில் மலம் வழிந்துகொண்டிருந்தது. "குடல்ல புற்றுநோய். வெட்டி எடுத்துட்டாங்க. இனிமே எல்லாம் இதுலதான்" என்றார். பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு மெதுவாக.

துப்பாக்கி முனை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவருக்கு நேர் பின்னால் பிள்ளைகள். விரல் கொஞ்சம் அழுந்தியிருந்தால்... ஐயோ. தினமும் என் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள்.

மார்ச் 25, திங்கள்

டாயில் போன் செய்தார். வேலையைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா பண்ணினீங்க சிஸ்டர். கை ஆடவே இல்லையாமே!"

"அவருக்குப் பின்னாடி பிள்ளைங்க நின்னாங்க, டாயில்!"

"சுடலையே."

கத்தினேன். இனி நான் துப்பாக்கியோடு வர மாட்டேன், வாழ்த்துச் சொல்ல மட்டும்தான் கதவில் நிற்பேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார்.

மார்ச் 27, புதன்

ஆல்டன் வீட்டுக்குப் போனேன். வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பேசினார். மன்னிப்புக் கேட்டேன், அழுதும்விட்டேன். "சரி சிஸ்டர், போயிட்டு வாங்க" என்றார். உள்கதவையும் சாத்திக்கொண்டார்.

மார்ச் 31, ஈஸ்டர்

வர மாட்டார் என்றே நினைத்தேன். வந்தார்! மனசு குளிர்ந்துபோனது. வலது பக்கம் படாமல், இடது பக்கமாகக் கட்டிக்கொள்ளப் போனேன்.

அவருடைய இடது முழங்கை வெடுக்கென்று இறங்கியது. அதன் அடியில் கட்டியாக ஏதோ என் கையில் இடித்தது. பை இல்லை. பை அந்தப் பக்கம்.

"எது வாங்கினீங்க?" என்றேன்.

"கிளாக். கொஞ்சம் பெருசுதான், ஆனா நல்லா குறி விழுது."

"வசதியா இருக்கா?"

"எங்க? ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. குனிய முடியல."

"பின்னே எதுக்கு?"

"உங்களாலதான் சிஸ்டர்."

"நான் இன்னிக்கு எடுத்துட்டு வரல. வீட்டுல பூட்டி வெச்சிருக்கேன். சத்தியமா."

"அப்படித்தான் சொல்லுவீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில், என்னைப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார்.